வர்க்கலைக் கடற்குன்றுகள்

இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம் ஊராட்சியில் செல்லார்கோவில் என்னும் மேடு ஒன்று உண்டு. குமுளியிலிருந்து அணக்கரை வழியாக மூணாறு செல்லும் சாலையை விட்டுச் சற்றுக் கிழக்கே திரும்பி, ஏலத்தோட்டங்களின் குளிர்ந்த நிழலில் நடந்து சென்றால், ஓரிடத்தில் நிலம் அறுத்துவிட்டாற்போல் முடிந்துவிடும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் நாம் நிற்போம். காலுக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கு கிடக்கும். 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை முடிந்தபின் நீர் கண்டு செழித்த வயல்களும், திராட்சைப் பந்தல்களும், தென்னந்தோப்புகளும் அங்கே பச்சையும் பழுப்புமாய் விரிந்திருக்கும். மழைக்காலத்தில் இம்மேட்டின் அருவி, கேரளத்தில் பிறந்து தமிழ்நாட்டில் விழும்.

அம்மேட்டில் நிற்கும்போது நம்மவர் பலரும் சொல்லும் சொல் ஒன்றுண்டு: "கடல் மாதிரி இருக்கிறது." சொல்பவர்களிற் பாதிப்பேர் கடலைக் கண்டவர்கள் அல்லர்.

இது வேடிக்கைக்காகச் சொல்வதன்று. ஏலமும் தேயிலையும் இம்மலையில் பயிரானது முதலாகக் கம்பம், போடி, உத்தமபாளையம் முதலிய ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் மலையேறினர். முன்னர்த் திருவிதாங்கூரையும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்த பீர்மேடும் தேவிகுளமும் உடும்பன்சோலையும் 1956-இல் மாநிலங்கள் மொழிவழியாக அமைந்தபோது கேரளத்திலேயே நின்றன. அவற்றில் வாழும் தமிழருக்குக் கேரளம் என்பது பெரும்பாலும் தோட்டம், கடைத்தெரு, ஊராட்சி அலுவலகம், மாவட்ட மருத்துவமனை என்ற அளவிலேயே நின்றுவிட்டது. அம்மாநிலத்துக்கு ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரை உண்டு என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் படிப்பார்கள். பெற்றோர் கண்டிருக்க மாட்டார்கள். பம்பாயிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் நிலையும் ஏறக்குறைய இதுவே. பிழைக்க வந்த ஊரில் வேலைக்குச் செல்லும் பாதை ஒன்றே பழகிப்போகிறது.

ஆகவே, காயெடுப்பு ஓய்ந்த மாசி மாதத்தில், சக்குபள்ளத்தைச் சேர்ந்த நாங்கள் பதினொருவர் கடலைக் காணப் புறப்பட்டோம். எந்தக் கடற்கரைக்குச் செல்வது என்ற கேள்வி எழுந்தபோது, மலையில் வாழ்பவருக்கு மலையோடு கூடிய கடலே பொருத்தம் என்று எங்களுள் ஒருவர் சொன்னார். அது வர்க்கலை. பதினொருவரில் மூத்தவர் ஒரு பாட்டியார். ஐம்பது ஆண்டுகள் ஏலத்தோட்டத்தில் களையெடுத்தவர், காயெடுத்தவர். கணவர் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும், கடலில் ஒருமுறை எள்ளும் நீரும் இறைக்கவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. இராமேசுவரம் போகலாம் என்று ஆண்டுதோறும் எண்ணுவார். ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு செலவு குறுக்கே வந்து நிற்கும்.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். குமுளியிலிருந்து கோட்டயம் செல்லும் பேருந்து, வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாக ஏறத்தாழ 110 கிலோமீட்டர் இறங்கும். தேயிலை முடிந்து ரப்பர் தொடங்கும் இடத்தில் காதடைப்பு நீங்கும். கோட்டயத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் இரயிலில் ஏறினால், கொல்லத்தைத் தாண்டி 24 கிலோமீட்டரில் வர்க்கலை சிவகிரி நிலையம். திருவனந்தபுரத்திலிருந்து வருவோருக்கு வடக்கே 41 கிலோமீட்டர். கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே இருப்புப்பாதை 1918-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1904-இல், செங்கோட்டை மலையைத் துளைத்துக் கொல்லம் வரை பாதை வந்துவிட்டது. தென்காசிப் பக்கத்தார்க்கு இன்றும் அதுவே நேர்வழி. அகலப்பாதையாக மாற்றப்பெற்ற பின்னர் 2018-இல் அது முழுதும் மீண்டும் திறக்கப்பட்டது. நிலையத்திலிருந்து கடற்கரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். ஆட்டோ ரிக்‌ஷா கிடைக்கும். காலையிளம் பொழுதானால் நடக்கவும் நடக்கலாம்.

கேரளத்தின் கடற்கரை பெரும்பாலும் தாழ்ந்த மணற்கரை. தென்னைமரங்கள் அலையின் விளிம்பு வரையில் வந்து நிற்கும். அதன் பின்னே காயல். ஆனால் வர்க்கலையில் மட்டும், இடவையிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தூரத்துக்கு, நிலம் கடலைக் கண்டு எழுந்து நிற்பதுபோல் உயர்ந்திருக்கிறது. தென்கேரளத்தில் கடலை ஒட்டி இப்படிச் செங்குத்தாய் நிற்கும் குன்று வேறு இல்லை. வடக்கே கண்ணூர், காசர்கோடு கரைகளில் சிலவிடங்களில் செம்பாறைகள் கடலைத் தொடும். அவற்றின் அமைப்பு வேறு.

உயரம் என்று பார்த்தால் இது மிகப் பெரியதன்று. அறுபது, எழுபது அடி என்று கொள்ளலாம். சிலவிடங்களில் கூடும், சிலவிடங்களில் குறையும். அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள மோஹர் குன்றுகள் 700 அடி உயர்ந்தவை. இங்கிலாந்தின் டோவரில் கடலை நோக்கி நிற்கும் வெண்சுண்ணக் குன்றுகள் 350 அடியை எட்டும். எனினும் அவை ஒரே நிறம் உடையவை. வர்க்கலைக் குன்றோ, கீழிருந்து மேலாகக் கருமை, வெண்மை, மஞ்சள், செம்மை என்று அடுக்கடுக்காய்ப் பல நிறம் காட்டுவது. மாலை வெயில் மேற்கிலிருந்து நேரே இதன் முகத்தில் விழும்போது, சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்லைப்போல் மேற்பகுதி ஒளிரும்.

அந்த அடுக்குகளைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் குன்றின் சிறப்பும் அதன் அபாயமும் இரண்டும் அவற்றிலேயே அடங்கியிருக்கின்றன.

நம் செல்லார்கோவில் மேடு வன்பாறையால் ஆனது. பூமியின் ஆழத்தில் வெந்து இறுகி, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடன் நிற்பது. வர்க்கலையின் குன்று அத்தகையதன்று. இது நீர் கொண்டுவந்து படியவைத்த மண். மலைகளிலிருந்து இறங்கிய ஆறுகள், அக்காலக் கடலோரத்துச் சதுப்பிலும் கழிமுகத்திலும் மணலையும் களிமண்ணையும் மாறி மாறிக் கொட்டின. மணல் இறுகி மணற்கல்லாயிற்று. களிமண் அப்படியே களியாக இருந்தது. இடையிடையே புதையுண்ட மரஞ்செடிகள் அழுகிக் கருகிப் பழுப்பு நிலக்கரியாயின. நெய்வேலியில் சுரங்கம் வெட்டி எடுக்கப்படும் நிலக்கரியின் இனந்தான், ஆனால் இங்கு மெல்லிய படிவாக மட்டுமே காணப்படும். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் என்பார் திருவிதாங்கூரின் நிலவியலைப் பற்றி 1882-இல் எழுதியபோது இவ்வடுக்குகளுக்கு இவ்வூரின் பெயரையே இட்டார். அன்றுமுதல் கேரளக் கரையில் வேறெங்கு இத்தகைய படிவு தென்பட்டாலும் நிலவியலார் அதனை வர்க்கலைப் படிவம் என்றே குறிக்கின்றனர். மயோசீன், பிளியோசீன் என்று அவர்கள் வழங்கும் காலத்தைச் சேர்ந்தது; இலட்சம் போதாது, கோடியில் எண்ணத் தொடங்க வேண்டிய பழமை.

இவற்றின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் இருப்பது செம்பூராங்கல். மலையாளத்தார் இதனை வெட்டுகல் என்பர். வெப்பமும் பெருமழையும் மாறி மாறி வரும் நாட்டில், மழைநீர் பாறையிலுள்ள கரையக்கூடிய சத்துகளைக் கரைத்துக் கொண்டுபோய்விட, இரும்பும் அலுமினியமும் எஞ்சித் தங்குவதால் உண்டாவது இது. மண்ணுக்குள் இருக்கும்போது கத்தியால் அறுக்கலாம். வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால் இறுகிவிடும். ஆகவே கேரளத்தில் வீட்டுச் சுவருக்கு இக்கல்லை அறுத்தெடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. ஆங்கிலேயரின் பணியில் இந்நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் இதனைக் கண்டு, இலத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து லேட்டரைட்டு என்ற பெயரை அமைத்து, 1807-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். உலகெங்கும் வழங்கும் இரண்டு நிலவியற் பெயர்கள் இப்படிக் கேரள மண்ணில் பிறந்தன என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் வர்க்கலையின் பெயர் இந்நாட்டு எல்லைக்குள்தான் வழங்குகிறது. அங்காடிப்புறமும் வர்க்கலையும் நிலவியல் ஆய்வுத்துறையால் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பெற்றவை.

இனி நீரின் கதை. மேலேயுள்ள செம்பூராங்கல் தேன்கூடுபோல் துளைகள் உடையது. பெய்த மழையில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். அந்நீர் அடியிலுள்ள மணற்கல்லின் வழியே மெல்ல இறங்கும்; களிமண் அடுக்கைக் கண்டதும் மேலே செல்ல வழியின்றிப் பக்கவாட்டில் ஓடும்; குன்றின் முகத்தில் எங்கே அந்த அடுக்கு வெளிப்படுகிறதோ அங்கே ஊற்றாகக் கசியும். பாபநாசக் கரையின் புகழ் பெற்ற ஊற்றுகள் இப்படித் தோன்றியவையே. உப்புக்கடலுக்குச் சில அடி தூரத்தில் நன்னீர் சுரப்பதை அதிசயம் என்று மக்கள் கருதினர். மருந்துநீர் என்று குடித்தனர், நீராடினர். கோடையிலும் ஊற்று வற்றாததற்குக் காரணம், மழைக்காலத்தில் குடித்த நீரைக் குன்று சிறுகச் சிறுகக் கொடுப்பதுதான்.

கொடுக்கும்போதே அழிவையும் தேடிக்கொள்கிறது. நீரில் ஊறிய களிமண் வழுவழுப்பாகிறது. அதன்மேல் நிற்கும் மணற்கல்லும் செம்பூராங்கல்லும் பிடிப்பை இழக்கின்றன. அடியில் அலை வந்து மோதி மண்ணைக் குடைந்து எடுத்துச் செல்கிறது. மேலே பாரம், நடுவில் வழுக்கல், கீழே குடைவு. ஒருநாள் முகப்பின் ஒரு துண்டு பிளந்து விழுகிறது. விழுந்த மண்ணை அலை சில வாரங்களில் கரைத்துவிடும். பிறகு புதிய முகப்பு நிற்கும். வர்க்கலைக் குன்று இத்தனை செங்குத்தாக நிற்பதற்குக் காரணம் அதன் உறுதி அன்று, ஓயாமல் இடிந்துகொண்டிருப்பதே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாக் கரையில் பன்னிரு சீடர்கள் எனப் பெயர்பெற்ற சுண்ணாம்புத் தூண்களில் ஒன்று, 2005 ஜூலையில், பார்த்துக்கொண்டிருந்தவர் கண்முன்னே சில நொடிகளில் சரிந்து கற்குவியலானது.

நாங்கள் சென்றது அமாவாசைக் காலை. பாபநாசக் கரையில் பலியிடுவோர் கூட்டம் இருந்தது. கர்க்கடக மாதத்து அமாவாசை இங்கே பெருநாள். அது நமது ஆடி அமாவாசையே. மாதத்தின் பெயர்தான் இரண்டு மொழியில் வேறுபடுகிறது. நாள் ஒன்று, எள் ஒன்று, காக்கையை அழைக்கும் கைதட்டும் ஒன்று. அந்நாளில் வருவோர் தொகை மிகப் பெரிது. ஆனால் அது தென்மேற்குப் பருவமழையின் உச்சம். அலை மணற்கரையை விழுங்கிக் குன்றின் அடிவரை வந்து மோதும் காலம். முதியோருடன் வருபவர்க்கு மாசியும் தையுமே ஏற்றவை என்பது எமது கருத்து. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் அடங்கியிருக்கும்.

பாட்டியார் கடலைக் கண்டவுடன் எதுவும் சொல்லவில்லை. மணலில் அமர்ந்து, செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்திருந்தார். பின்னர் ஈரத்துணியுடன் சடங்கை முடித்தார். புரோகிதர் மலையாளத்தில் சொன்ன மந்திரத்தின் இடையே கணவர் பெயரைத் தமிழிலே உரக்கச் சொன்னார். வெயில் ஏறிற்று. குன்றின் அடியில் நல்ல நிழல் இருந்தது; ஊற்றுநீரும் அருகில் இருந்தது. கட்டுச்சோற்றைப் பிரிக்க அதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தோன்றவில்லை. பாய் விரித்து அமர்ந்தோம்.

அப்போது வலையுடன் சென்ற மீனவர் ஒருவர் நின்று, பாட்டியாரைப் பார்த்து, "அம்மா, அங்கே இருக்க வேண்டாம், இப்பால் வந்துவிடுங்கள்" என்று மலையாளத்தில் சொன்னார். இளைஞர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பாட்டியார் திரும்பி ஊற்றைப் பார்த்தார். காலையில் தெளிந்திருந்த நீர் சற்றே செம்மண் கலங்கி வந்தது. "தம்பி சொல்வது சரி, எழுந்திருங்கள்" என்றார். அரைமனத்தோடு எழுந்து இருபது அடி தள்ளி வெயிலில் உட்கார்ந்தோம். சோறு உண்டு முடிப்பதற்குள், மேலிருந்து ஒரு மண்கட்டி, ஒரு மூட்டையளவு இருக்கலாம், வேருடன் பெயர்ந்து பாய் விரித்திருந்த இடத்திற்கு அருகே விழுந்து சிதறியது. பெரிய ஓசைகூட எழவில்லை. அதனைப் பார்த்தவர் எங்களைத் தவிர இரண்டு மூன்று பேரே.

ஊற்று கலங்கினால் எழ வேண்டும் என்பது பாட்டியாருக்கு எப்படித் தெரிந்தது? மலையில் வாழ்பவர்க்கு அது தெரியும். ஐப்பசி மழையில் தோட்டத்து ஓடை திடீரெனக் கலங்கினால், சரிவில் நிற்கும் மரம் சாய்ந்து காட்டினால், நிலத்தில் புதிதாக வெடிப்புக் கண்டால், மேட்டிலிருந்து மண் கிளம்பப்போகிறது என்று பொருள். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு தேயிலைத் தொழிலாளர் வாழ்ந்த லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் தமிழர். இருட்டில், உறக்கத்தில், ஓடையின் நிறத்தைப் பார்க்க யாராலும் இயலவில்லை. வர்க்கலைக் குன்றில் மண் விழுவதும் மலையில் சரிவு கிளம்புவதும் அளவில் பெரிதும் வேறானவை. ஆனால் உள்ளே புகுந்த நீர் மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது என்னும் காரணம் ஒன்றே.

ஆகவே வர்க்கலைக்குச் செல்வோருக்கு எமது முதல் விண்ணப்பம்: நிழலுக்காகக் குன்றின் அடியில் அமர வேண்டா. குன்றின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளி இருப்பது நலம். மழை விட்ட மறுநாள் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மேலே நடைபாதையில் செல்லும்போதும் விளிம்பில் நின்று படம் எடுப்பது தவறு. கால் நிற்கும் மண் வெளிநோக்கித் தொங்கும் கூரையாக இருக்கக்கூடும். கடலில் இறங்குவோர் காவல் வீரர் நிற்கும் பகுதியில் மட்டும், அவர் காட்டும் எல்லைக்குள் இறங்குக. இங்கு அலை திரும்பும்போது கரையிலிருந்து ஆளை இழுத்துச் செல்லும் நீரோட்டம் உண்டு. குளத்திலும் ஆற்றிலும் நீந்தப் பழகியவர் அதனை அறியார்.

குன்றின் மேற்புறத்தைப் பற்றி மகிழ்ச்சியுடன் எழுத எம்மால் இயலவில்லை. வடபுறக் குன்றின் விளிம்பை ஒட்டி விடுதிகளும் உணவகங்களும் துணிக்கடைகளும் நெருக்கமாக வரிசையிட்டுள்ளன. வெளிநாட்டார் வருகையால் ஊரார் பலருக்குப் பிழைப்புக் கிடைத்தது உண்மை. அதனைக் குறைசொல்வது நம்மைப்போல் பிழைக்கச் சென்றவர்க்கு அழகன்று. எனினும், உறிஞ்சும் கல்லின்மேல் கட்டடப் பாரமும், அதன் கழிவுநீரும், குன்றின் உள்ளே இறங்குவதால் வரும் விளைவை மேலே சொன்ன நீரின் கதையிலிருந்து எவரும் ஊகிக்கலாம். 2024 ஜூன் மாதத்தில், இடிந்து விழும் என்ற அச்சத்தைக் காரணமாகக் காட்டி, பலிமண்டபத்தை அடுத்த குன்றின் ஒரு பகுதி இயந்திரம் கொண்டு வெட்டப்பட்டது. நினைவுச் சின்னத்தை வெட்டலாகாது என்று நிலவியல் ஆய்வுத்துறை தடை கூறியது. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. பலியிட வரும் கூட்டத்தின் தலைமேல் மண் விழட்டும் என்று விட்டுவிட முடியாது. மண் விழும் என்று குன்றையே வெட்டினால் புதிதாய் வெளிப்படும் முகப்பும் ஒருநாள் விழத்தான் செய்யும். கூட்டத்தைக் குன்றின் அடியிலிருந்து தள்ளி அமர்த்துவதே எளிய வழி என்று மணலில் பாயை நகர்த்திய எங்களுக்குத் தோன்றிற்று. 2025 செப்டம்பரில், உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்காக யுனெஸ்கோவிடம் இந்தியா அளித்துள்ள உத்தேசப் பட்டியலில் வர்க்கலைக் குன்றுகள் சேர்க்கப்பெற்றன. விசாகப்பட்டினத்துச் செம்மண் மேடுகளும் திருமலைக் குன்றுகளும் அதே சமயம் சேர்ந்தவை.

ஊரின் பெயருக்கு ஒரு கதை சொல்வர். நாரதர் தம் மரவுரியை வீசியெறிய, அந்த வல்கலம் வந்து விழுந்த இடம் வர்க்கலை ஆயிற்றாம். கரைக்கு அருகே மேட்டில் சனார்த்தனசுவாமி கோவில் இருக்கிறது. பெருமாளின் வலக்கை நீரை ஏந்தி வாயை நோக்கி உயர்ந்திருக்கும். கை ஆண்டுதோறும் சிறிதளவு உயர்கிறது என்றும், அது வாயைத் தொடும் நாளில் உலகம் முடியும் என்றும் ஊரார் நம்பிக்கை. கோவிலில் தொங்கும் பழைய மணி, இக்கரைக்கருகே இடருற்ற டச்சுக் கப்பலொன்றின் தலைவர் கொடுத்தது என்று வழங்குகிறார்கள்.

குன்றைக் கண்டவர் பெரும்பாலும் காணாமல் திரும்பும் ஒன்று, அதன் வயிற்றைத் துளைத்துச் செல்லும் நீர்வழி. திருவிதாங்கூரில் சாலைகள் குறைந்திருந்த நாளில், சரக்கும் மக்களும் காயல்வழியே படகில் சென்றனர். வடக்கேயிருந்து கொல்லம் வழியாக இடவைக் காயல் வரையில் வந்த படகு, வர்க்கலையில் இந்த மேட்டு நிலம் குறுக்கே கிடந்தமையால் நின்றுவிடும். சரக்கை இறக்கித் தலையில் சுமந்து மேட்டைக் கடந்து, மறுபுறம் வேறு படகில் ஏற்ற வேண்டும். கும்பகோணத்திற் பிறந்து திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ் காலத்தில், 1860-களின் பிற்பகுதியில், மேட்டைத் துளைக்கும் வேலை தொடங்கியது. இரண்டு சுரங்க வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. ஒன்று ஏறத்தாழ 900 அடி, மற்றொன்று 2300 அடிக்கு மேல். 1880 அளவில் இரண்டும் முடிந்தன. மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் வெட்டிய வேலை. உள்ளே ஊறும் நீரும் சரியும் களியும் எத்தனை துன்பம் தந்திருக்கும் என்பதைக் குன்றின் முகத்தைப் பார்த்தவர் அறிவர். பின்னர்த் திருவனந்தபுரத்துப் படகுகள் விளக்கேற்றிக்கொண்டு அவ்விருளின் வழியே சென்றன. இரயிலும் மோட்டார் வண்டியும் வந்தபின் வாய்க்கால் தூர்ந்தது. அண்மைக் காலத்தில் தூர்வாரும் வேலை நடந்துள்ளது. சிவகிரியை ஒட்டிச் செல்லும்போது சுரங்கத்தின் வாயை எட்டிப் பார்க்கலாம். எங்களுள் சிறுவர்களுக்குக் கடலைவிட இந்த இருட்டு வாயே பிடித்திருந்தது.

சிவகிரி, ஸ்ரீ நாராயண குரு 1904-இல் வந்து தங்கிய குன்று. 1928 செப்டம்பரில் அவர் சமாதியடைந்த இடமும் அதுவே. 1912-இல் அவர் அமைத்த சாரதா கோவில் அங்கே உள்ளது. 1925-இல் காந்தியடிகள் இங்கு வந்து குருவைக் கண்டார். குரு தமிழில் தேர்ந்தவர். தமிழில் பதிகங்கள் பாடியவர், திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர். டிசம்பர் இறுதியிலும் ஜனவரி முதல் நாளிலும் மஞ்சள் உடையணிந்த யாத்திரிகர் திரள்வர். அந்நாள்களில் ஊரில் தங்க இடம் கிடைப்பது அரிது.

ஒருநாள் கூடத் தங்குவோர் வடக்கே காப்பில் வரை செல்க. அங்கே குன்று தாழ்ந்து முடிய, ஒருபுறம் காயலும் மறுபுறம் கடலுமாக நடுவே சாலை செல்லும். தெற்கே அஞ்சுதெங்கில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மிளகு வாணிபத்துக்காகக் கட்டிய கோட்டையும், அருகே கலங்கரை விளக்கமும் உள்ளன. ஏலமலையில் மிளகுக்கொடியைத் தினமும் பார்க்கும் நாங்கள், அக்கொடிக்காகக் கப்பலேறி வந்தவர் கட்டிய சுவரைச் சுற்றிப் பார்த்தோம். நான்கு சுவரும் ஒரு வெற்றிடமும் தவிர அங்கே அதிகமில்லை. உள்ளூர்ச் சிறுவர் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர்.

மாலை மீண்டும் குன்றின் மேல் வந்தோம். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்ப்பது மலையில் வாழ்வோருக்குப் புதிது. நமக்குச் சூரியன் எப்போதும் ஏதேனும் ஒரு மலையின் பின்னேதான் மறையும். பாட்டியார் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு தென்னையில் சாய்ந்து நின்றார். காலையில் எச்சரித்த மீனவரை மறுபடி காணமுடியவில்லை. அவருக்கென்று வாங்கிய வெற்றிலைபாக்குப் பொட்டலம் அவர் கையிலேயே இருந்தது. ஊற்றுநீர் ஒரு குப்பியில் நிரப்பிக்கொண்டார்.

இரவு வண்டியில் கோட்டயம் வந்து, பேருந்து மாறி, விடியுமுன் குமுளியில் இறங்கினோம். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறி வந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றில் இடம் கேட்டுப் பாட்டியார் ஏறிக்கொண்டார். உள்ளே நெருங்கி உட்கார்ந்திருந்த பெண்கள் கேட்பதற்கு முன்னே குப்பியைத் திறந்து, ஆளுக்கு ஒரு வாய் ஊற்றுநீர் கொடுக்கத் தொடங்கினார்.